சொந்தமாகத் துணி டிசைன் வரைய எங்கிருந்து தொடங்குவது?

இழைநூல் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம்.

தையலில் எனக்குப் பல வருடப் பழக்கம் உண்டு. அச்சான துணியை வாங்கித் தைப்பதோடு நில்லாமல், அதன் மேல் வரும் டிசைனையும் நானே வரைய வேண்டும் என்ற ஆசை சில காலமாக இருந்துவருகிறது. ஓவியம் ஓரளவு வரும். இப்போது சிறிய அளவிலும் டிஜிட்டல் முறையில் துணியில் அச்சிட்டுத் தருகிறார்கள் என்பதால் அந்தப் பகுதி பெரிய தடையாகத் தெரியவில்லை. தடையெல்லாம் அதற்கு முன்னால்தான் இருக்கிறது.

என்ன வரைவது என்று யோசிக்கும்போதெல்லாம் கை முதலில் போவது கைப்பேசிக்குத்தான். படங்களைத் திரட்டிவைக்கும் தளங்களில் நெடுநேரம் பார்த்துவிட்டு வரையத் தொடங்கினால், வருவது பார்த்தவற்றின் கலவையாகவே இருக்கிறது: அதே வளைந்த கொடி, அதே ஐந்திதழ்ப் பூ, அதே மங்கிய பச்சை. எதையும் பார்க்காமல் உட்கார்ந்தாலோ ஒன்றும் தோன்றுவதில்லை. இயற்கையைப் பார்த்து வரையுங்கள் என்று பலரும் சொல்கிறார்கள். அப்படியும் வரைகிறேன், என் நோட்டில் பூக்களும் இலைகளும் காய்களும் நிறைய இருக்கின்றன. ஆனால் அவை தனித்தனிப் படங்களாக நிற்கின்றனவே தவிர, துணி முழுவதும் ஓடும் டிசைனாக மாறுவதில்லை.

ஆகவே என் கேள்விகள் இரண்டு. பிறருடைய டிசைன்களின் சாயல் படியாத ஒரு தொடக்கத்தை நீங்கள் எங்கிருந்து எடுக்கிறீர்கள்? நோட்டில் இருக்கும் ஒரு படம் எந்தக் கட்டத்தில் துணிக்குரிய டிசைனாகிறது? மென்பொருள் பரிந்துரைகளைவிட, வரைவதற்கு முன்பும் வரையும்போதும் உங்கள் கவனம் எதில் இருக்கிறது என்பதை அறியவே விரும்புகிறேன்.

அச்சுக்கட்டை:

வணக்கம். உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்தால் முதல் கேள்வி தானாகவே தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

ஒருவர் முடித்துவைத்த டிசைனைப் பார்க்கும்போது, எதை விடுவது, எதைத் தட்டையாக்குவது, எங்கே இடைவெளி விடுவது, எத்தனை நிறங்களோடு நிறுத்திக்கொள்வது என்று அவர் எடுத்த முடிவுகள் அனைத்தையும் நம் கண் சேர்த்தே வாங்கிக்கொள்கிறது. அதன் பிறகு நாம் பூவை மாற்றி வரைந்தாலும் முடிவுகள் அவருடையவையாகவே இருக்கும். சாயல் படிவது இந்த வழியில்தான். எனவே முடிவுகள் எதுவும் எடுக்கப்படாத ஒரு பொருளிடம் போக வேண்டும். இயற்கையைப் பாருங்கள் என்ற அறிவுரையின் உண்மையான பொருள் இதுதான். அந்தப் பொருள் பூவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. துருப்பிடித்த தகடு, உரிந்த சுண்ணாம்பு, அடுக்கிவைத்த குழாய்களின் வாய்கள், கம்பிவலையின் நிழல் என எதுவாகவும் இருக்கலாம்.

ஆனால் பொருளைப் பொருளாகவே பார்த்தால் உங்கள் நோட்டில் இருப்பதைப் போலத் தனிப்படம்தான் கிடைக்கும். அதற்குள் என்ன திரும்பத் திரும்ப வருகிறது, எந்த இடைவெளியில் வருகிறது, எங்கே அடர்ந்து எங்கே தளர்கிறது என்று கேட்டுக்கொண்டே பார்க்க வேண்டும். ஒரு காய்ந்த இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, சாதாரணப் பூதக்கண்ணாடி வழியாகப் பாருங்கள். நடு நரம்பிலிருந்து கிளை நரம்புகள் இருபுறமும் பிரிகின்றன. பல இலைகளில் அவை நேர் எதிராகப் பிரியாமல் மாற்றி மாற்றிப் பிரிந்திருக்கும். அவற்றுள் சில விளிம்பைத் தொடுவதற்கு முன்பே மேல்நோக்கி வளைந்து அடுத்த நரம்போடு சேர்ந்துகொள்வதால், விளிம்பை ஒட்டி வளைவுகளின் வரிசை ஒன்று உண்டாகியிருக்கும். அவற்றுக்கு இடையே மெல்லிய வலை. அந்த வலையின் கண்கள் நாலு பக்கமும் ஐந்து பக்கமுமாக, ஒன்றுபோல் இன்னொன்று இல்லாமல், ஆனால் ஏறத்தாழ ஒரே அளவில் நிறைந்திருக்கும். கிளைக்கும் கோடு, வளைவுகளின் வரிசை, ஒழுங்கற்ற வலை என்று ஒரே இலைக்குள் மூன்று டிசைன்கள் கிடைத்துவிட்டன. மூன்றில் எதிலும் இலையின் உருவம் இல்லை. எதுவும் பிறருடைய துணியை நினைவூட்டவும் இல்லை.

இப்படிப் பார்ப்பதற்கு ஒரு எளிய கருவி உதவும். கறுப்பு அட்டையில் சதுரமான துளை வெட்டிக்கொள்ளுங்கள். அதை உங்கள் நோட்டில் ஏற்கெனவே இருக்கும் படங்களின் மேல் வைத்து மெதுவாக நகர்த்துங்கள். பூ முழுதாகத் தெரியும் இடத்தில் நிறுத்த வேண்டாம். சதுரத்தின் விளிம்பு பூவை வெட்டும் இடத்தில், அதாவது பாதி இதழும் ஒரு தண்டும் அவற்றுக்கு இடையே உள்ள வெற்றிடமும் மட்டும் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். பொருளின் பெயர் மறைந்து, கோடும் இடமும் மட்டும் கண்ணில் படும். அந்த வெற்றிடத்தின் உருவத்தைத் தனியாக வரைந்து பாருங்கள். துணியில் வெற்றிடமும் ஓர் உருவம்தான். அதை வரையாதவரை டிசைன் பிறப்பதில்லை.

ஆங்கிலேய வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் 1883-இல் பதிவுசெய்த 'ஸ்ட்ராபெரி தீஃப்' (ஸ்ட்ராபெரித் திருடன்) என்ற துணி டிசைன் பற்றி நீங்கள் அறிந்திருக்கலாம். இங்கிலாந்தின் கெல்ம்ஸ்காட் கிராமத்தில் தம் வீட்டுத் தோட்டத்துப் பழங்களைத் திருடித் தின்ற பறவைகளைப் பார்த்து அவர் வரைந்தது அது. எல்லோரும் பறவையைப் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் அதைத் துணியாக்குவது பறவை மட்டும் அன்று. ஒன்றையொன்று நோக்கியும் விலகியும் நிற்கும் இணைகள், அவற்றுக்கு நடுவே ஒரு விரல் வைக்கவும் இடம் விடாமல் ஓடும் கொடிகள், இவை அத்தனையையும் பின்னால் நின்று ஒன்றாகப் பிடித்துவைக்கும் அவுரி நீலம் ஆகியவை சேர்ந்துதான் அந்த வேலையைச் செய்கின்றன. தோட்டக் காட்சி அவருக்குத் தொடக்கம் தந்தது. மற்றதெல்லாம் அடுக்கும் விதத்தில் பிறந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புதிய பொருளைத் தேடி அலைவதைவிட, ஒரே பொருளோடு நீண்ட காலம் இருப்பதே பலன் தரும். ஒரே விதையைக் கோட்டில் மட்டும், பிறகு நிழலை மட்டும், பிறகு காகிதத்தைக் கத்தரித்து, கடைசியாகப் பொருளை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து வரையுங்கள். நினைவிலிருந்து வரைவதைத்தான் நான் பெரிதும் நம்புகிறேன். உங்களுக்கு எது முக்கியமோ அதைத்தான் நினைவு வைத்துக்கொள்ளும், மற்றதை விட்டுவிடும். எதை விடுவது என்ற அந்த முடிவு முழுக்க உங்களுடையதாக இருக்கும்.

சதுரக்கட்டம்:

மேலே நண்பர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அடுக்கும் விதம் என்று அவர் தொட்டுச் சென்ற இடத்திலிருந்து தொடர்கிறேன். ஏனெனில் பலருக்குத் தொடக்கமே அங்கிருந்து கிடைக்கும் என்பது என் கருத்து. நல்ல கருப்பொருள் கிடைத்த பிறகு அடுக்கலாம் என்று காத்திருக்க வேண்டியதில்லை. மிகச் சாதாரணமான ஒரு கோட்டை அடுக்கிப் பார்க்கும்போதே கருப்பொருள் தோன்றிவிடுவதும் உண்டு.

ஒரு தாளும் கத்தரிக்கோலும் ஒட்டும் நாடாவும் போதும். சதுரமான தாளின் நடுவில், நான்கு விளிம்புகளையும் தொடாமல், உங்களிடம் இருக்கும் எதையாவது வரையுங்கள். பிறகு தாளை மேலிருந்து கீழாகச் சரிபாதியாக வெட்டி, இடப்பாதியை வலப்புறமும் வலப்பாதியை இடப்புறமும் மாற்றி வைத்துப் பின்பக்கமாக ஒட்டுங்கள். இப்போது படம் இரண்டாகப் பிளந்து ஓரங்களுக்குப் போயிருக்கும். நடுவில் வெற்றிடம் இருக்கும். அதையே குறுக்குவாட்டிலும் வெட்டி, மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் மாற்றி ஒட்டினால், உங்கள் படம் நான்கு மூலைகளில் நான்கு துண்டுகளாக நிற்கும். நடுவில் திறந்திருக்கும் இடத்தை, ஓரத்தைத் தொடாமல், மூலைகளிலிருந்து வரும் கோடுகளை நீட்டியும் இணைத்தும் நிரப்புங்கள். இந்தச் சதுரத்தை எத்தனை பிரதி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் ஓரங்கள் பிசகாமல் பொருந்தும். கணினியில் செய்வதும் அடிப்படையில் இதுவே. ஆனால் முதலில் கையால் செய்யும்படி வலியுறுத்துவேன். ஏனென்றால் நிரப்ப வேண்டிய அந்த நடு வெற்றிடத்தின் உருவம் நீங்கள் முன்கூட்டி யோசித்திராத ஒன்றாக இருக்கும். அது ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறது. வெள்ளைத் தாளில் என்ன வரைவது என்பதற்கு விடை வருவதில்லை. இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடுவே என்ன வரைவது என்பதற்குக் கை உடனே விடை சொல்லும்.

அடுத்து, அதே சதுரத்தைப் பல விதமாக அடுக்கிப் பாருங்கள். நேர் வரிசையில் வைப்பது ஒன்று. அடுத்த பத்தியைப் பாதி உயரம் இறக்கிவைப்பது இன்னொன்று. இதை ஹாஃப் டிராப் என்பார்கள். பூவேலைத் துணிகளில் மிகுதியாகக் காண்பது இதுதான், ஏனெனில் கண் கட்டங்களைக் கண்டுபிடிக்காமல் சாய்வாக ஓடுகிறது. சுவரில் செங்கல் வைப்பதைப் போல அடுத்த வரிசையைப் பாதி நகர்த்துவது மற்றொன்று. பிறகு கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்புவது, சுழற்றுவது, திருப்பி நகர்த்துவது. ஒரு தளத்தில் இரு திசைகளிலும் முடிவில்லாமல் ஓடும் அடுக்குமுறைகளைச் சமச்சீரின்படி வகுத்தால் மொத்தம் 17 வகைகள்தான் உண்டு என்பதை படிகங்களின் அமைப்பை ஆராய்ந்த ரஷ்யப் படிகவியலாளர் ஃபியோதரொவ் 1891-இல் நிறுவினார். பதினேழுதான் என்பதை ஒரு குறையாக நான் நினைப்பதில்லை. எலும்புக்கூடுகள் எண்ணிவிடக்கூடியவை என்று தெரிந்துவிட்டால், மனம் அதன் மேல் போர்த்தப்படும் சதையைப் பற்றி நிம்மதியாக யோசிக்கலாம்.

அடுக்கிய பிறகு சுவரில் மாட்டி, தூரத்தில் நின்று, கண்களைச் சுருக்கிப் பாருங்கள். அருகில் தெரியாத பட்டைகள் அப்போது தெரியும்: வெற்றிடங்கள் வரிசையாகச் சேர்ந்து, நீங்கள் வரையாத ஒரு கோடு துணியின் குறுக்கே ஓடும். அதை அடைத்துவிட வேண்டும் என்பதே பொதுவான விதி. எனினும் அடைப்பதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். வரைந்ததைவிட அந்தக் கோடு நன்றாக இருந்தால் அதையே டிசைனாக எடுத்துக்கொள்ளலாம்.

பழந்துணி:

நண்பர்கள் சொன்னவை பயனுள்ளவை. ஆனால் பிறருடைய டிசைன்களைப் பார்ப்பதே தவறு என்ற எண்ணம் இந்த உரையாடலில் வலுப்பெற்றுவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். கைப்பேசித் திரையில் நூற்றுக்கணக்கான டிசைன்களை ஓடவிட்டுப் பார்ப்பது வேறு. ஒரே ஒரு பழந்துணியின் முன் அமர்ந்து அது எப்படிச் செய்யப்பட்டது என்று ஆராய்வது வேறு. முன்னதில் சாயல் ஒட்டிக்கொள்ளும். பின்னதில் கல்வி கிடைக்கும்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் பதிப்புரிமை இல்லாத, பொதுவுடைமையான தன் சேகரிப்புகளின் படங்களை 2017 முதல் எவரும் கட்டுப்பாடின்றிப் பயன்படுத்தும்படி திறந்துவைத்துள்ளது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகமும் உயர்தரப் படங்களைத் தருகிறது. அவற்றில் ஒரு துணித்துண்டைத் தேர்ந்தெடுத்து முழு அளவில் பெரிதாக்குங்கள். திரும்ப வரும் அலகு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பென்சிலால் கட்டம் போடுங்கள். நிறங்களை எண்ணுங்கள். அச்சு விலகிய இடங்களைத் தேடுங்கள். பூவை ஒரு முறைகூடப் பார்த்து வரைய வேண்டாம். அந்தக் கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, உள்ளே உங்கள் இலையின் நரம்பு வலையை வைத்துப் பாருங்கள். எலும்புக்கூடு பொதுச்சொத்து என்று மேலே நண்பர் காட்டிவிட்டார். அதை எடுத்துக்கொள்வதில் கூச்சம் வேண்டாம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டு நெசவாளர்களுக்கு டிசைன் வரைந்த ஆனா மரியா கார்த்வெய்ட்டின் நீர்வண்ணத் தாள்கள் பல நூறு இன்றும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. தாவரங்களை அடையாளம் காணும் அளவுக்கு நுட்பமாக வரைந்தவர் அவர். அதே சமயம் அவருடைய தாள்களில் பூக்களைச் சுற்றி விடப்பட்ட வெற்று நிலத்தையும் கவனியுங்கள். அந்த நிலம் பட்டின் பளபளப்புக்காக விடப்பட்டது. துணி எதுவென்று தெரிந்துகொண்டு வரைந்தவரின் கை அது. பருத்தியா, பட்டா, கம்பளியா என்று முடிவு செய்யாமல் வரைவதால்தான் நம் டிசைன்கள் பல சமயம் காகிதத்தோடு நின்றுவிடுகின்றன.

தொடக்கம் எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று ஒன்று உண்டு. ஹெலன் மெகா என்ற படிகவியலாளர், தம் துறையில் எக்ஸ் கதிர்களைக் கொண்டு வரையப்படும் அணு அமைப்பு வரைபடங்களைத் துணிக்கும் சுவர்த்தாளுக்கும் பயன்படுத்தலாம் என்று 1940-களில் எடுத்துச் சொன்னார். 1951-இல் நடந்த 'ஃபெஸ்டிவல் ஆஃப் பிரிட்டன்' விழாவுக்காக ஒரு குழுவே அமைக்கப்பட்டு, இன்சுலின், ஹீமோகுளோபின் போன்றவற்றின் வரைபடங்கள் துணிகளாகவும் சுவர்த்தாள்களாகவும் தட்டுகளாகவும் மாறின. படிகம் என்பதே ஓர் அலகு முப்பரிமாணத்தில் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டிருப்பதுதான். ஆகவே துணிக்கு வேண்டிய அடுக்கு அதற்குள் ஏற்கெனவே இருந்தது. உங்கள் தொழிலிலோ படிப்பிலோ தினமும் கண்ணில் படும் வரைபடங்கள், அட்டவணைகள், பாகங்கள் இவற்றை ஒருமுறை இந்தக் கண்ணோடு பாருங்கள். வேறு எவருக்கும் கிடைக்காத சுரங்கம் அங்கேதான் இருக்கக்கூடும்.

உரிமை பற்றி ஒரு சொல். இறந்து பல பத்தாண்டுகள் ஆன கலைஞரின் படைப்பு பொதுவுடைமையாக இருக்கலாம். ஆனால் காலவரம்பு நாட்டுக்கு நாடு மாறும். இணையத்தில் கிடைக்கும் புகைப்படத்தைப் பார்த்து அப்படியே வரைவதிலும் எடுத்தவரின் உரிமை குறுக்கிடலாம். விற்பனைக்கு வரைவதாக இருந்தால் நீங்களே எடுத்த படத்தையும் நீங்களே பார்த்த பொருளையும் அடிப்படையாகக் கொள்வது நல்லது.

சாயம்:

நிறத்தைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் சுருக்கமாகச் சேர்க்கிறேன். அதே மங்கிய பச்சையே வருகிறது என்று கேள்வியில் சொல்லியிருந்தீர்கள். ஒரு காட்சியிலிருந்து நிறங்களை மட்டும் எடுக்காமல் அவற்றின் அளவையும் எடுங்கள். நீங்கள் பார்க்கும் சுவரில் சாம்பல் நிறம் பெரும்பகுதி, துருவின் செம்மை கொஞ்சம், எங்கோ ஒரு கீற்று மஞ்சள் என்றால், அந்த விகிதத்திலேயே ஓர் அட்டையில் பல வண்ண நூல்களைப் பக்கத்தில் பக்கத்தில் சுற்றுங்கள். நெசவு கற்பவர்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் பயிற்சி இது. நிறங்கள் அதே, விகிதம் மட்டும் வேறு என்று இரண்டு அட்டைகள் சுற்றிப் பார்த்தால், அவை இரண்டும் வெவ்வேறு துணிகளாகவே தெரியும்.

நான்கைந்து நிறங்களோடு நிறுத்திக்கொள்வதும் உதவும். திரை அச்சில் நிறத்துக்கு ஒரு திரை வேண்டும் என்பதால் பழைய டிசைனர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு தானாகவே அமைந்தது. டிஜிட்டல் அச்சில் அது இல்லை. ஆகவே நாமே வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு வடிவங்கள் ஒன்றின் மேல் ஒன்று படியும் இடத்தில் மூன்றாவது நிறத்தைக் கலந்து பெறுவது, பின்னணியை வெள்ளையிலிருந்து கருமைக்கு மாற்றிப் பார்ப்பது போன்ற வழிகள் எல்லாம் நிறங்கள் குறைவாக இருக்கும்போதுதான் மனத்துக்கு எட்டுகின்றன. ஓவியர் சோனியா டெலோனே 1911-இல் தம் கைக்குழந்தைக்காகத் துணித்துண்டுகளை இணைத்து ஒரு போர்வை தைத்தார். கையில் இருந்த துண்டுகளின் நிறங்களை ஒன்றுக்கு அருகில் ஒன்றாக வைத்த அந்த வேலையே அவருடைய பிற்கால ஓவியத்துக்கும் துணி வடிவமைப்புக்கும் வழிகாட்டியது. தைப்பவரான உங்களிடம் வெட்டிய துண்டுகள் நிறையவே இருக்கும். பென்சிலை எடுப்பதற்கு முன் அவற்றை மேசையில் பரப்பிப் பாருங்கள்.

இழைநூல்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அட்டைத் துளையை வைத்து என் நோட்டை மறுபடி பார்த்தேன். பக்கவாட்டில் வெட்டிய ஒரு விதைக்கூட்டின் படத்தில், விதைகளைவிட அவற்றைப் பிரிக்கும் மெல்லிய சுவர்கள்தான் என்னை நிறுத்தின. அந்தச் சுவர்களை மட்டும் வரைந்து, தாளை நான்காக வெட்டி மாற்றி ஒட்டி, நடுவை நிரப்பியிருக்கிறேன். சாயல் எதுவும் தெரியவில்லை. என் கையாகவே தெரிகிறது. அது தரும் மகிழ்ச்சியைச் சொல்லியே ஆக வேண்டும்.

இப்போது ஒரு தொடர் கேள்வி. எந்த அளவில் அச்சிடுவது என்று முடிவு செய்ய முடியவில்லை. அதே டிசைன் சிறிதாக இருந்தால் அடக்கமாகவும், பெரிதாக இருந்தால் முற்றிலும் வேறு ஒன்றாகவும் தோன்றுகிறது. நான் தைக்கப்போவது மேல்சட்டை.

அச்சுக்கட்டை:

வாழ்த்துகள். அந்தச் சுவர்களை விட்டுவிடாதீர்கள். அதே விதைக்கூட்டை நெடுக்காகவும் வெட்டிப் பார்த்தால் முதல் டிசைனுக்குத் துணையாக ஒன்று கிடைக்கும்.

அளவைத் திரையில் முடிவு செய்ய முடியாது. திரையில் எதையும் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம் என்பதால் உண்மையான அளவு எது என்ற உணர்வே போய்விடுகிறது. சாதாரணக் காகிதத்தில் மூன்று அளவுகளில் அச்செடுத்து, சட்டையின் முன்பாகம் அளவுக்கு ஒட்டிச் சேர்த்து, உடம்பின் மேல் பிடித்துக் கண்ணாடி முன் நில்லுங்கள். சட்டையில் தையல் இணைப்புகளும் பொத்தான் பட்டையும் டிசைனை வெட்டும். பெரிய டிசைனாக இருந்தால் எந்தப் பகுதி எங்கே விழும் என்பதைப் பார்த்து வெட்ட வேண்டியிருக்கும், துணியும் கூடுதலாகத் தேவைப்படும். சிறியதில் அந்தக் கவலை இல்லை. ஆனால் மிகச் சிறியதாக்கினால் உங்கள் மெல்லிய சுவர்கள் தூரத்திலிருந்து வெறும் சாம்பல் நிறமாகக் கலந்துவிடும்.

பெரிதாக்க அஞ்ச வேண்டாம் என்றும் சொல்வேன். பின்லாந்தின் மாரிமெக்கோ துணி நிறுவனத்தில் பூ டிசைன்களே கூடாது என்று அதன் நிறுவனர் அறிவித்திருந்த காலத்தில், அதன் வடிவமைப்பாளர் மாயா இசோலா 1964-இல் 'உனிக்கோ' என்ற பாப்பிப் பூ டிசைனை வரைந்தார். பூ என்பது எல்லோரும் வரைந்து சலித்த பொருள்தான். அதைத் தட்டையாக்கி, பிரம்மாண்டமாக்கி, ஒன்றோடொன்று முட்டும்படி வைத்ததால் அதுவரை இல்லாத ஒன்றாக அது நின்றது. அளவும் வடிவமைப்பின் ஒரு பகுதியே.

நடைமுறைக்கு ஒன்று: பல டிஜிட்டல் அச்சகங்கள் ஓர் அங்குலத்துக்கு 150 புள்ளிகள் என்ற அளவில் கோப்பைக் கேட்கின்றன. திரும்ப வரும் சதுரம் துணியில் 20 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்றால், கோப்பு ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 1,180 பிக்சல் இருக்க வேண்டும். உங்கள் கோடுகள் மெல்லியவை என்பதால் கையால் வரைந்ததை 600 புள்ளிகளில் ஸ்கேன் செய்து பிறகு குறைத்துக்கொள்ளுங்கள். முழுத் துணிக்கும் கொடுப்பதற்கு முன், நீங்கள் தைக்கப்போகும் அதே துணியில் ஒரு சிறு மாதிரி அச்சிட்டு, துவைத்து, உலர்த்திப் பார்த்துவிடுங்கள்; சுருக்கமும் நிறமாற்றமும் அப்போதுதான் தெரியும். மாதிரி வந்ததும் இங்கே படத்தோடு எழுதுங்கள். பட்டைகள் ஏதும் ஓடுகின்றனவா என்று எல்லோரும் சேர்ந்து பார்ப்போம்.